களஞ்சியத்திலிருந்து காலை உணவு வரை

செஞ்சின்னு சொன்னதும் எல்லாருக்கும் தேசிங்கு ராஜா கதைதான் ஞாபகம் வரும். 1714-ல் சண்டையில் உயிர்விட்டவர். ஆனால் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு யார் சோறு பொங்கினார்கள் என்று யாரும் பெரிசா பேசுவதில்லை. அதைக் கோட்டையே கொஞ்சம் சொல்லுது. கல்யாண மகால் பக்கம் பெரிய நெற்களஞ்சியம். ராஜகிரி உச்சியில் இன்னொன்று. குடிக்கத் தண்ணிக்குச் சக்கரக்குளம், செட்டிக்குளம்.

சோறு எவ்வளவு பெரிய ஆயுதம்னு இந்த ஊர் பார்த்திருக்கு. 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை செஞ்சியை முற்றுகை போட்டது. உள்ளே மராட்டிய ராஜா ராஜாராம். 1692 கடைசியில் மராட்டியக் குதிரைப்படை வெளியே தானியம் வரும் வழியை மறித்துவிட்டது. உள்ளே இருப்பவர்களைப் பட்டினி போட வந்த படையே பட்டினி கிடந்து வந்தவாசிக்குப் பின்வாங்கியது! பிறகு திரும்பி வந்து 1698-ல் கோட்டையைப் பிடித்தார்கள், அது வேற கதை.

காசுக்குச் சோறு விற்பதே தப்பு என்று நம் பெரியவர்கள் நினைத்த காலம் உண்டு. வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் இருந்தது, இல்லாவிட்டால் கட்டுச்சோறு. காபி கிளப்புகள் வந்தபோது எல்லாருக்கும் ஒரே இடம் இல்லை. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் 1941-ல்தான் எடுக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க 1957-ல் சென்னை முரளி கபே முன்னால் பெரியார் கட்சியினர் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் அதற்குப் பிறகும் இருந்தது. நம்மில் சிலர் வீட்டுப் பெரியவர்கள் கொட்டாங்குச்சியில் டீ குடித்தவர்கள்தான். எந்தச் சாதியானாலும் டீக்கடை பெஞ்சு ஆம்பளைங்களுக்குத்தான். நமக்குப் பார்சல்.

ஆனாலும் விற்றவர்கள் பெண்கள். திண்ணையில் இட்லி ஊத்தின ஆயாக்கள், வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு விடியறதுக்கு முன்னாடியே கூழ்ப்பானை தூக்கிப் போனவர்கள், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குப் புளிசாதப் பொட்டலம் கட்டினவர்கள். கடைக்குப் பேரும் கிடையாது, போர்டும் கிடையாது. அதனால் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதுதான் கிராமத்துப் பெண் சமைப்பதற்கு அரசாங்கம் சம்பளம் எழுதியது. விதவைகள், ஆதரவற்றவர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அதைச் சமைப்பது நம்ம குழுப் பெண்கள். விடியற்காலை அடுப்பு பற்றவைக்கிற அந்த உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் போதாது என்பது என் கருத்து. அதையும் இந்த மலரில் பதிவு செய்ய வேண்டும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 மராட்டியக் கோட்டைகளைச் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. இனிமேல் வெளியூர்க்காரங்க நிறைய வருவாங்க. ராஜகிரி ஏறி இறங்கினால் எப்படிப் பசிக்கும்னு நமக்குத் தெரியும். கேழ்வரகுக் கூழ், மோர், வேர்க்கடலை, சூடான இட்லி எல்லாம் நம்ம கைக்குப் பழகினது. கோட்டை வாசல் பக்கம் கூட்டமைப்புக்கு ஒரு கடை இடம் கேட்டு அடுத்த கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிடணும். வேறு யாராவது கேட்பதற்கு முன்னால்.