அம்மாவுக்குப் போடும் ஊசி

கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி. உள்ளே பத்துப் பேருக்கான மருந்து, ஆளுக்கு அரை மில்லி. கர்ப்பிணிகளுக்கு முன்பெல்லாம் டெட்டனஸ் ஊசி மட்டும்தான். 2019 முதல் அதே ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்தது.

சென்னையிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்துக்கு வரும் இந்தக் குப்பிக்கு வெயிலைவிடப் பனிக்கட்டிதான் எமன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்தால் வீண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு ஐஸ் பேக்குகளை எடுத்த கையோடு குளிர்பெட்டியில் அடுக்க மாட்டார்கள். வெளியே வைத்து வியர்க்கவிட்டு, காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் நான்கும் பெட்டிக்குள் போகும், நடுவே குப்பி.

அந்தப் பெட்டி போக வேண்டிய இடங்கள் பல: கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய வாடகை அறைகள், மாவட்டம் நெடுக ஒடிசாக் குடும்பங்கள் கல் அறுக்கும் செங்கல் சூளைகள். முதல் ஊசியைச் சொந்த ஊரில் போட்டுக்கொண்டவர், நான்கு வாரம் கழித்துப் போட வேண்டிய இரண்டாவதுக்குச் சூளையில் இருப்பார். கையில் தாய் சேய் அட்டை இல்லாவிட்டால் கணக்கு அறுந்துவிடும்.

மேற்கையில் ஊசி இறங்கியதும் மருந்தின் பயணம் முடிகிறது. அது எழுப்பிவிட்ட எதிர்ப்பொருளின் பயணம் தொடங்குகிறது. ஐ.ஜி.ஜி. வகையை மட்டும் நஞ்சுக்கொடியில் உள்ள ஏற்பி பிடித்துக் குழந்தையின் ரத்தத்தில் சேர்க்கிறது. பெரும்பங்கு கடைசி வாரங்களில்தான் கடக்கிறது. நிறைமாதப் பிள்ளையிடம் தாயைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். குறைமாதப் பிள்ளைக்குக் கையிருப்பு குறைவு. பிறந்த ஆறாவது வாரத்தில் குழந்தைக்கே போடும் பெண்டாவேலன்ட் ஊசி தொடங்கும்வரை அம்மா தந்ததுதான் காவல்.

இதே வழியில் வேறு மருந்துகளும் வருகின்றன. கக்குவான் இருமலுக்குக் குழந்தைகள் பலியானபோது, பிரிட்டன் 2012-இல் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸின் கதை கசப்பானது. 1960-களில் குழந்தைகளுக்கே நேராகப் போட்டுப் பார்த்த ஊசி நோயை முற்றவைத்தது; இருவர் இறந்தனர். வைரஸ் செல்லோடு இணையுமுன் அதன் புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்பது 2013-இல் தெளிந்த பிறகே வழி திறந்தது. 2023-இல் அமெரிக்கா கர்ப்பிணிகளுக்கான ஊசியையும், குழந்தைக்கே எதிர்ப்பொருளைச் செலுத்தும் நிர்செவிமாபையும் அனுமதித்தது. இந்தியாவின் தேசிய அட்டவணையில் இரண்டும் இன்னும் இல்லை.

அமெரிக்காவில் அந்தக் கர்ப்பிணி ஊசிக்கு 32 முதல் 36 வாரம்வரைதான் கெடு. டெட்டனஸ் ஊசிபோல எப்போது வந்தாலும் போட்டுவிட முடியாது. குளிர்பெட்டி நம்மிடம் இருக்கிறது. சூளைக்கு வந்திறங்கிய பெண்ணுக்கு இது எத்தனையாவது வாரம் என்று அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஏற்பாடுதான் மருந்துக்கு முன்னால் வந்தாக வேண்டும்.