எட்டாவது பைட் இருக்கிறதா?

1992 டிசம்பரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் எழுதி முடித்த பிஎஸ்டி பாக்கெட் ஃபில்டர் கட்டுரையில், பாக்கெட்டை வடிகட்டும் நிரலின் கையில் அதைச் சுட்டும் பாயின்டர் எதுவும் கிடையாது. ‘12ஆம் பைட்டிலிருந்து 2 பைட் வேண்டும்’ என்று நிரல் கேட்கும். கர்னல் நீளத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கும். பாக்கெட் அவ்வளவு நீளம் இல்லையென்றால் நிரல் அங்கேயே பூஜ்யத்தோடு முடிந்துவிடும். எல்லையைக் காப்பது முழுக்கக் கர்னலின் வேலை.

2014இல் அலெக்ஸி ஸ்டாரோவொய்டோவ் லினக்ஸுக்குள் கொண்டுவந்த ஈபிபிஎஃப் என்ற அதன் விரிவாக்கம், இந்தப் பழைய கட்டளைகளையும் சுமந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒரு நீளச் சோதனை. விநாடிக்கு 2 கோடி பாக்கெட் வரும் இடத்தில், அப்படி ஒரேயொரு கட்டளை மட்டும் சிபியுவில் 3 சதவீதத்தைத் தின்றது என்று அவரே 2016இல் கணக்குக் காட்டினார்.

அவர் கண்ட வழி துணிச்சலானது. 2016 ஜூலையில் வெளியான லினக்ஸ் 4.7இல், பாக்கெட்டின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் இரண்டு பாயின்டர்கள் நிரலின் கைக்கே வந்தன. ஈதர்நெட் தலைப்பு 14 பைட். ‘தொடக்கம் கூட்டல் 14, முடிவைத் தாண்டினால் வெளியேறு’ என்று நிரலர் ஒரு வரி எழுத வேண்டும். நிரல் ஓடுவதற்கு முன்பே, நிரலைச் சோதிக்கும் கர்னல் பகுதியான வெரிஃபையர் அந்த ஒப்பீட்டைப் படித்து, தாண்டாத பாதையில் ‘14 பைட் வரை பத்திரம்’ என்று தொடக்கப் பாயின்டர் இருக்கும் ரிஜிஸ்டருக்குக் குறிப்பு எழுதிக்கொள்ளும். அதன்பின் அந்த 14 பைட்டுக்குள் எத்தனை முறை படித்தாலும் சோதனை இல்லை. அந்த வரியை மறந்தால் நிரல் கர்னலுக்குள் ஏறவே ஏறாது. பாக்கெட்டின் தலைப்பகுதியை நகர்த்தும் உதவிச் சார்பை அழைத்தாலோ, பழைய குறிப்புகள் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி ஒப்பிட்டாக வேண்டும்.

இந்தக் குறிப்பு எழுதும் இடத்தில்தான் வெரிஃபையரே தடுக்கி விழுந்தது. 8 பைட் படிக்க, ‘தொடக்கம் கூட்டல் 8, முடிவைவிடப் பெரிதானால் வெளியேறு’ என்று எழுதினால் அனுமதி. ‘தொடக்கம் கூட்டல் 7, முடிவுக்குச் சமமோ பெரிதோ ஆனால் வெளியேறு’ என்பதும் கணக்குப்படி அதேதான், அதற்கு மறுப்பு. ஒரு பைட் குறைத்து எண்ணியதன் விளைவு. 2017 அக்டோபரில் ஒரு திருத்தம் வந்தது. அது எண்ணிக்கையை எதிர்த்திசையில் நகர்த்திவிட, பிழை இரண்டு பைட்டானது. 7க்குப் பதில் 8 என்று எழுதி 9 பைட் இருப்பதை உறுதிசெய்த நிரலுக்கும், 7 பைட்தான் பத்திரம் என்று வெரிஃபையர் சொன்னது! 2021 இறுதியில் மாக்சிம் மிகித்யான்ஸ்கி அதைச் சரிசெய்தார். நான்கு ஆண்டுகள் மறுக்கப்பட்டவை சரியான நிரல்கள். தவறான நிரலை உள்ளே விடுவதைவிட அது மேல்தான். ஆனாலும், தன் கணக்கு சரியென்று தெரிந்தும் மறுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்த நிரலரின் தவிப்பு சிறியதல்ல.

2022இல் வந்த லினக்ஸ் 5.18, ஒரு பாக்கெட் பல துண்டுகளாக நினைவகத்தில் கிடந்தாலும் ஈபிபிஎஃப்பின் எக்ஸ்டிபி வகை நிரல்கள் கையாள வழிசெய்தது. முடிவுப் பாயின்டர் முதல் துண்டின் முடிவை மட்டுமே காட்டும். மற்றவற்றுக்கு உதவிச் சார்புகள்தான் கதி. 2023இன் லினக்ஸ் 6.4இல், டைன்பிடிஆர் என்ற ஏற்பாட்டை ஜோவான் கூங் பாக்கெட்டுகளுக்கும் விரித்தார். இன்ன இடத்திலிருந்து இத்தனை பைட் என்று கேட்டால், நீளத்தைக் கர்னலே நிரல் ஓடும்போது பார்க்கிறது, 1992இல் போலவே. இல்லாத இடத்தைக் கேட்டால் நிரல் முடிந்துவிடுவதில்லை; எதையும் சுட்டாத ‘நல்’ பாயின்டர் திரும்பி வருகிறது. வந்தது ‘நல்’தானா என்று பார்க்கும் வரி இருக்கிறதா என்று வெரிஃபையர் முன்கூட்டியே தேடுகிறது.