குணா குகையும் ஸ்லீப்பர் செல்லும்

எங்க கொடைக்கானலுக்கு வர்றவங்க தவறாம கேக்குற இடம் குணா குகை. வெள்ளைக்காரன் அதுக்கு வெச்ச பேரு 'டெவில்ஸ் கிச்சன்'. 1991ல் கமலோட 'குணா' வந்துச்சு, பழைய பேரு போயே போச்சு. ஒரு படம் மலைக்கே பேரை மாத்தும்னா, மனுஷனுக்கு மாத்தாதா?

தமிழ் சினிமால முஸ்லிம்கள் வந்த கதையைக் கொஞ்சம் பாருங்க. 1961ல் 'பாவமன்னிப்பு'. இந்துவாப் பிறந்து முஸ்லிமா வளர்ற ரஹீமா சிவாஜி, வளர்க்குற இஸ்மாயிலா நாகையா. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் முஸ்லிம்னா பெரும்பாலும் இந்த மாதிரி நல்ல 'பாய்'தான். ஹீரோவுக்கு உதவிட்டு ஓரமா நின்னுக்குவார்.

1992ல் 'ரோஜா' வந்ததும் ஆளே மாறிட்டார். தேசியக்கொடி எரியுது, பக்கத்துலயே தீவிரவாதி தொழுறார். 1995 'பம்பாய்'ல இந்து அப்பாவா நாசர், முஸ்லிம் அப்பாவா கிட்டி. அழகான ஐடியா! ஆனா அந்த வழியில யாரும் பெருசா போகல.

1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்புல 58 பேர் செத்தாங்க. நடந்த கொடுமையைப் படத்துல காட்டக்கூடாதுன்னு நான் சொல்லல. மறுபடி மறுபடி அது ஒண்ணை மட்டுமே காட்டுறதுதான் பிரச்சினை.

2012ல் 'துப்பாக்கி'. 'ஸ்லீப்பர் செல்'ங்கற வார்த்தையை நம்ம வாயில ஏத்தினது இந்தப் படம்தான். எதிர்ப்பு கிளம்பினதும் வருத்தம் தெரிவிச்சாங்க, சில காட்சிகளை வெட்டினாங்க. வார்த்தையை வெட்ட முடியல. 2017ல் டிடிவி தினகரனே அதிமுகவுல தன்னோட ஸ்லீப்பர் செல்கள் இருக்காங்கன்னு பேசினார். நமக்கு அது ஜோக். என் நண்பன் ஒருத்தனை ஆபீஸ்ல அதே பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. சிரிச்சு சமாளிச்சான். சென்னையில வாடகைக்கு வீடு தேடினப்போ, பேரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு தம்பி"ன்னாங்க. அன்னிக்கு அவன் சிரிக்கல.

அதுக்காகத் தடை போடுறதும் தீர்வில்லை. 2013 ஜனவரியில 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டுல தடையாகி, சில இடங்கள்ல ஒலியை நிறுத்தி பிப்ரவரி 7ல் வந்துச்சு. அந்தப் படத்துல ஹீரோவே முஸ்லிம்ங்கறது அந்தக் கூச்சல்ல யார் காதுலயும் விழல.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். 2015ல் 'ஹோம்லேண்ட்' தொடருக்காக அகதி முகாம் செட் சுவர்ல அரபில கிறுக்கச் சொல்லி ஓவியர்களைக் கூப்பிட்டாங்க. அவங்க 'ஹோம்லேண்ட் இனவெறித் தொடர்'னே எழுதி வெச்சாங்க. ஒளிபரப்பே ஆயிடுச்சு! அரபு ஆட்களைக் கதையில வெச்சவங்க, அந்த எழுத்து என்ன சொல்லுதுன்னு கூட பாக்கல.

இங்க கொஞ்சம் மாறுது. 2021 'மாநாடு'ல சிம்பு பேரு அப்துல் காலிக். கொலைப்பழியை ஒரு முஸ்லிம் மேல போடுற சதியை உடைக்கிறதுதான் கதை. சந்தோஷம். ஆனா அங்கயும் முஸ்லிம் வந்தா குண்டு, கொலை, சதி எல்லாம் கூடவே வருது பாருங்க.

எனக்குக் கெட்ட பாயும் வேணாம், தியாகி பாயும் வேணாம். ஈஎம்ஐ கட்டிக்கிட்டு, மேனேஜரைத் திட்டிக்கிட்டு, சும்மா கதைக்குள்ள வந்து போற ஒரு பாய் போதும். அவரைப் பாத்துப் பழகினா, வீட்டுக்காரங்களுக்கும் சாவியைக் கொடுக்க மனசு வரும்.