இரவல் வழக்குத் தொடுநர்: பன்னாட்டுக் குற்றவியல் நீதியில் அயற்பணியும் சார்பின்மையும்

முன்னுரை

ஒரு நாட்டின் குற்ற வழக்குத் துறையில் இருப்பவர், தம் பதவியையும் பணிமூப்பையும் விட்டுவிடாமல், குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு நீதி அமைப்பில் வழக்கு நடத்தச் செல்வது அயற்பணி. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் தன் முதல் ஆண்டுகளைக் கடந்தது பெருமளவு இத்தகையோரின் உழைப்பால்தான். அத்தீர்ப்பாயத்தின் நடுநிலை குறித்த ஐயங்களில் ஒன்றும் அவர்களைச் சுற்றியே எழுந்தது. அந்த ஐயத்தை அளக்க ஐக்கிய நாடுகள் அவை எடுத்துக்கொண்ட அளவுகோல், சம்பளம் தருபவர் யார் என்பது. அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அயற்பணியாளரைத் திரும்ப அழைக்கும் உரிமை யாரிடம் உள்ளது, எந்த வழக்குக்கு ஆள் கிடைக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், அவர் போன பிறகு வழக்கின் நினைவு யாரிடம் தங்குகிறது ஆகிய மூன்று கேள்விகளே சார்பின்மையைத் தீர்மானிக்கின்றன.

ஆளில்லா அலுவலகம்

பாதுகாப்பு அவை 1993 மே 25 அன்று 827ஆம் தீர்மானத்தின் வழியே தீர்ப்பாயத்தை நிறுவியது. அதன் சட்டவிதிகளின் 16ஆம் பிரிவு, வழக்குத் தொடுநர் எந்த அரசிடமிருந்தும் அறிவுறுத்தல் கேட்கவோ பெறவோ கூடாது என்கிறது. அலுவலகப் பணியாளர்களை, அவருடைய பரிந்துரையின் பேரில், ஐ.நா. பொதுச் செயலாளர் நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஏட்டில் இது நிறைவான பாதுகாப்பு. நடைமுறையில் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நிதி நெருக்கடியில் இருந்த ஐ.நா. முதலில் குறுகிய காலங்களுக்கே செலவுக்கு ஒப்புதல் தந்தது. சில மாதங்களுக்கு அப்பால் உறுதி தர முடியாத வேலைக்குத் தேர்ந்த வழக்கறிஞர் எவரும் நாடு விட்டு வரமாட்டார்.

இந்த இடைவெளியை அரசுகள் நிரப்பின. 1994இல் அமெரிக்கா மட்டுமே 20க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களையும் புலனாய்வாளர்களையும் தன் செலவில், தீர்ப்பாயம் இயங்கிய ஹேக் நகருக்கு அனுப்பியது. வேறு சில நாடுகளும் அனுப்பின. 1996 மே 7 அன்று தொடங்கிய தாதிச் வழக்கே தீர்ப்பாயம் நடத்திய முதல் முழு விசாரணை. அதில் வாதாடிய குழுவின் உறுப்பினர்கள் ஆஸ்திரேலிய அரசு வழக்குத் துறை, அமெரிக்க விமானப்படை, அமெரிக்க நீதி அமைச்சகம் எனப் பல இடங்களிலிருந்து வந்தவர்கள். இவர்கள் இல்லையென்றால் அந்த விசாரணை அந்த ஆண்டில் தொடங்கியிருக்காது என்று துணிந்து சொல்லலாம். அயற்பணியை ஒரேயடியாக மறுப்பவர்கள் இந்த வரலாற்றுக்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.

1997 தீர்மானமும் அதன் குறையும்

செலவை ஏற்று ஆள் அனுப்பும் வசதி செல்வ நாடுகளுக்கே உண்டு. ஐ.நா. பணிகளில் எல்லா நிலப்பகுதிகளுக்கும் உரிய இடம் வேண்டும் என்னும் கொள்கை இதனால் குலைகிறது என்று வளரும் நாடுகள் முறையிட்டன. 1997 செப்டம்பரில் பொது அவை தன் 51/243ஆம் தீர்மானத்தால், அரசுகளின் செலவில் வரும் இத்தகைய ‘இலவசப் பணியாளர்களை’ப் படிப்படியாக விலக்கச் சொன்னது. அமைப்புக்குள் கிடைக்காத தனித்துறை அறிவு, புதிய பணிப்பொறுப்புக்கான அவசரத் தற்காலிக உதவி ஆகிய இரண்டுக்கு மட்டுமே விலக்கு அளித்தது.

அந்த முறையீடு நியாயமானதுதான். ஆனால் தீர்மானம் இதைப் பணியிடப் பங்கீட்டுச் சிக்கலாகவே பார்த்தது. அமைதிப்படைத் துறைக்கு அனுப்பப்பட்ட படை அதிகாரியும், ஒருவர்மீது போர்க்குற்றம் சாட்டும் வழக்கறிஞரும் அதன் பார்வையில் ஒரே வகையினர். குற்றச்சாட்டைத் தொடுப்பதா விடுப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் எழுத்தர் பணியைப் போன்றதன்று. சம்பளப் பட்டியலை மாற்றியவுடன் அந்த அதிகாரம் சார்பற்றதாகிவிடும் என்று நம்ப இடமில்லை.

முதல் கேள்வி: திரும்பும் வழி

சம்பளம் தருபவரை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்குச் சான்று தீர்ப்பாயத்தின் உச்சிப் பதவியிலேயே கிடைக்கிறது. தலைமை வழக்குத் தொடுநரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். நியமித்தது பாதுகாப்பு அவை. ஊதியம் தந்தது ஐ.நா. ஆயினும் முதல் மூவரில் ஒருவர்கூட நான்கு ஆண்டுகள் இருக்கவில்லை. 1993 அக்டோபரில் நியமிக்கப்பட்ட ரமோன் எஸ்கோவர் சலோம், வெனிசுவேலாவில் அமைச்சராவதற்காக 1994 தொடக்கத்திலேயே விலகினார். அவருக்குப் பின் வந்த தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் தம் நாட்டின் அரசமைப்பு நீதிமன்றத்துக்குத் திரும்பினார். 1996 அக்டோபரில் பொறுப்பேற்ற லூயிஸ் ஆர்பர் 1999இல் கனடா உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். யூகோஸ்லாவிய அதிபர் மிலோஷெவிச் மீதான குற்றச்சாட்டு 1999 மே மாதம் அறிவிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன.

இவர்கள் கடமை தவறினார்கள் என்பது இங்கே குற்றச்சாட்டில்லை. கோல்ட்ஸ்டோனும் ஆர்பரும் அலுவலகத்தைக் கட்டி எழுப்பியவர்கள். ஆனால் ஒருவருடைய அடுத்த பதவி அவருடைய நாட்டின் கையில் இருக்கும்வரை, இப்போதைய சம்பளத்தை யார் தந்தாலும் கேள்வி எஞ்சியே நிற்கும். ஆள் அனுப்பிய அமெரிக்கா உறுப்பினராக உள்ள நேட்டோ, 1999இல் யூகோஸ்லாவியாமீது 78 நாள் குண்டு வீசியது. அது பற்றி விசாரணை தொடங்க அடிப்படை இல்லை என்று 2000 ஜூனில், ஆர்பருக்குப் பின் வந்த வழக்குத் தொடுநர் கார்லா டெல் பொந்தே பாதுகாப்பு அவையிடம் கூறியபோது பலர் அதை நம்ப மறுத்தனர். முடிவு சட்டப்படி சரியா தவறா என்பது வேறு விவாதம். இலவசப் பணியாளர்களை விலக்கச் சொல்லும் தீர்மானம் வந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் ஐயம் மறையவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இரண்டாம் கேள்வி: எந்த வழக்குக்கு ஆள்?

இத்தீர்ப்பாயத்துக்குப் பின் வந்த நிலையான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடிப்படையான ரோம் சட்டவிதிகளின் 44ஆம் பிரிவு, விதிவிலக்கான சூழலில் உறுப்பு நாடுகள் தரும் இலவசப் பணியாளரை அந்நீதிமன்றம் ஏற்க இடம் தருகிறது. 42ஆம் பிரிவு வெளியார் அறிவுறுத்தலைத் தடுக்கிறது. தலைமை வழக்குத் தொடுநருக்கு மீண்டும் நீட்டிக்க முடியாத ஒன்பது ஆண்டுப் பதவிக்காலம் தருகிறது. தலைமைப் பதவியைப் பொறுத்தவரை இது 1993ஐ விடத் தெளிவான முன்னேற்றம்.

ஆனால் 2022 மார்ச்சில், உக்ரைன் விசாரணை தொடங்கிய கையோடு, வழக்குத் தொடுநர் கரீம் கான் உறுப்பு நாடுகளிடம் பணமும் அயற்பணியாளர்களும் கேட்டார். மேலை நாடுகள் விரைந்து முன்வந்தன. அனைத்து விசாரணைகளுக்கும் பொதுவாகவே இந்த உதவி பயன்படும் என்று அலுவலகம் விளக்கியது. ஆனாலும், ஆண்டுக்கணக்கில் ஆள் பற்றாக்குறையில் கிடந்த மற்ற விசாரணைகளுக்கு இந்த வேகம் ஏன் இதற்கு முன் காட்டப்படவில்லை என்ற கேள்விக்கு அந்த விளக்கம் விடையாகாது. ஓர் அரசு ஒரு வழக்குத் தொடுநருக்கு ரகசியமாக உத்தரவிட வேண்டிய தேவையே இல்லை. தனக்கு உகந்த வழக்கு எழும்போது ஆள் தந்து, உகக்காத வழக்கு எழும்போது கைகட்டி நின்றாலே போதும். அறிவுறுத்தலைத் தடுக்கும் எந்த விதியும் இதைத் தொடாது.

மூன்றாம் கேள்வி: வழக்கின் நினைவு

1995 ஜூலையில் தீர்ப்பாயத்தால் குற்றம் சாட்டப்பட்ட பொஸ்னிய செர்பியத் தலைவர் கராஜிச் 2008இல்தான் பிடிபட்டார். தீர்ப்பு வந்தது 2016 மார்ச்சில். ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ வருபவர் இத்தகைய வழக்கின் ஒரு துண்டையே காண்பார். சாட்சிகளின் நம்பிக்கை, ஆவணங்களின் பின்புலம், கைவிட்ட புலனாய்வுப் பாதைகளின் காரணம் ஆகியவை கோப்பில் முழுதும் பதிவதில்லை. தாதிச் வழக்குக் குழுவில் இருந்த ஆலன் டைகர்தான் கராஜிச் வழக்கையும் முன்னின்று நடத்தினார். அமெரிக்க நீதி அமைச்சகத்திலிருந்து வந்தவர் நீண்டகாலம் அங்கேயே நிலைத்ததன் பயன் அது. தொடக்கத்தைத் தாங்க அயற்பணி உதவும். வழக்கை முடித்துவைக்க நிலைத்த பணியாளர் வேண்டும்.

இலங்கைக்கான பாடம்

2015 அக்டோபர் 1 அன்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஒருமனதாக ஏற்ற 30/1ஆம் தீர்மானம், போர்க்கால மீறல்களை விசாரிப்பதற்கான இலங்கையின் நீதிப் பொறிமுறையிலும் சிறப்பு வழக்குரைஞர் அலுவலகத்திலும் பொதுநலவாய மற்றும் வெளிநாட்டு நீதிபதிகள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள், வழக்குத் தொடுநர்கள், புலனாய்வாளர்கள் பங்குபெறுவதன் முக்கியத்துவத்தை உறுதிசெய்தது. இலங்கை அரசும் அதற்கு இணை அனுசரணை தந்தது, 2020இல் விலகிக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் விவாதம் பெரிதும் வெளிநாட்டவர் வரலாமா கூடாதா, இறையாண்மை என்னாகும் என்பதைச் சுற்றியே சுழன்றது. வருபவர் யாருடைய அயற்பணியாளர், எத்தனை ஆண்டுக்கு, அவர் போன பிறகு யார் தொடர்வார் என்பவை பின்னுக்குத் தள்ளப்பட்டன. பாதிக்கப்பட்ட தமிழர் தரப்பிலும் வெளிநாட்டவர் என்பதையே சார்பின்மைக்கு ஈடாகக் கொள்ளும் போக்கு இருந்தது. ஹேக் அனுபவம் அந்தச் சமன்பாட்டை ஆதரிக்கவில்லை.

முடிவுரை

அயற்பணியைத் தடை செய்வது தீர்வாகாது. தடை செய்தால் புதிய நீதிமன்றங்கள் பிறக்கும்போதே முடங்கும். அதற்குப் பதிலாகச் சில நிபந்தனைகள் வேண்டும். அனுப்பும் நாடு பதவிக்காலம் முடியுமுன் திரும்ப அழைக்கக் கூடாது. திரும்பிய அயற்பணியாளர் குறிப்பிட்ட காலம் வரை தொடர்புடைய பதவி ஏற்கத் தடை இருக்க வேண்டும். ஆள் தரும் அரசு, வழக்கைச் சுட்டாமல் அலுவலகத்துக்குப் பொதுவாகத் தர வேண்டும். தன் நாடு தொடர்பான கோப்பை அயற்பணியாளர் தொடக் கூடாது. ஒவ்வொரு வழக்கிலும் நிலைத்த பணியாளர் ஒருவராவது தொடக்கம் முதல் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் எழுத்தில் இல்லாத எந்த ஏற்பாட்டையும், அதில் எத்தனை புகழ்பெற்ற பெயர்கள் இருந்தாலும், சார்பற்ற வழக்குத் தொடுப்பு என்று ஏற்க முடியாது.