நல்லவாட்டைக் காப்பாற்றிய ஒரு போன் கால்

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி ஈசிஆரில் தெற்கே போயிருக்கீங்களா? புதுச்சேரியையும் கடந்தால் நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம் வரும்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை 6.29-க்கு சுமத்ரா பக்கம் கடலடியில் நிலநடுக்கம். அலை நம்ம கரைக்கு வர சுமார் 2 மணி நேரம் ஆச்சு. நேரம் இருந்தது மக்களே, சொல்லத்தான் ஆள் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போ சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் மையம் வந்ததே 2007-ல்தான்.

நல்லவாட்டுக்கு மட்டும் ஒருவர் சொன்னார். ஊர்க்கார இளைஞர், சிங்கப்பூரில் வேலை. அங்கே செய்தி தெரிஞ்சதும் வீட்டுக்கு போன் போட்டார். கடல்தண்ணி உள்ளே வருதுன்னு வீட்டில் சொல்ல, உடனே கிளம்பச் சொன்னார், ஊருக்கும் சொல்லச் சொன்னார்.

அத்தனை பேருக்கும் எப்படிச் சொல்றது? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் அங்கே இருந்தது, அறிவிப்பு செய்ய ஒலிபெருக்கியோடு. கதவை உடைச்சு உள்ளே போய் சைரனைப் போட்டாங்க. ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னாங்க. சாவி தேடிட்டு நின்னிருந்தா?

(டாக்டரா சொல்றேன், மூழ்கி மூச்சு நின்னா மூளைக்கு நாலஞ்சு நிமிஷம்தான். அதுக்குள்ள எங்க கைக்கு வந்து சேர்றவங்க ரொம்பக் குறைவு.)

சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போச்சு. ஊரில் இருந்த 3,600-க்கும் மேற்பட்டவர்களில் ஓர் உயிர்கூடப் போகலை.