தாது வருஷமும் மழைக் கணக்கும்

வராக நதிப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் செழிக்கும் ஜெயமங்கலத்திலிருந்து பார்த்தால் கொடைக்கானல் மலைத்தொடர் வானத்தை மறைத்து நிற்கும். அம்மலையின் மேல் சூரியனை ஆராயும் ஒரு வானாய்வுக்கூடம் இருப்பதைப் பலரும் அறிவர். அது எழுந்ததற்கு மூலகாரணம் கீழேயுள்ள இத்தகைய ஊர்களின் மழைக் கவலையே என்பதைச் சிலரே அறிவர்.

தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் பெருமழையை மேற்கு மலைகளே வாங்கிக்கொள்வதால், இப்பிரதேசத்துக்கு ஆடியிலே சாரலும் ஐப்பசி கார்த்திகையிலே அடைமழையுந்தான் கதி. அந்த அடைமழையும் 1876இல் பொய்த்தபோது, இன்றளவும் பாட்டிமார் வாயில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று வழங்கும் பேரிடர் சென்னை மாகாணத்தைச் சூழ்ந்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர் தொகை ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது சரித்திராசிரியர்களின் மதிப்பு.

அத்துயரத்திலிருந்து சர்க்கார் இரண்டு பாடங்களைக் கற்றது. மேற்கே வீணாய்க் கடலில் கலக்கும் நீரைத் தேக்கிக் கிழக்கே திருப்புவது ஒன்று. மழை என்று வரும், என்று பொய்க்கும் என்பதை முன்கூட்டியே கணித்தறிவது மற்றொன்று. முதற்பாடத்தின் பயனாக, நெடுங்காலம் ஏட்டளவிலே கிடந்த பெரியாற்று அணைத் திட்டம் உயிர்பெற்று, 1887இல் பொறியாளர் பென்னிகுயிக்கின் பொறுப்பில் தொடங்கி, வெள்ளத்தாலும் விஷஜுரத்தாலும் பல இடர்ப்பட்டு, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபுவால் திறந்து வைக்கப்பெற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிற்று. அதே ஆண்டில் அதே வென்லாக் பிரபு கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார் என்பது, இவ்விரு முயற்சிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குச் சாட்சி.

சூரியனுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். சூரியனிலுள்ள கரும்புள்ளிகள் ஏறக்குறையப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குவதை ஜெர்மானியரான ஷ்வாபே 1843இல் கண்டறிந்திருந்தார். சென்னையின் மழையளவும் அந்தச் சுழற்சியை ஒட்டியே ஏறியிறங்குகிறதென்று வில்லியம் ஹன்டர் என்னும் அதிகாரி பஞ்சகாலத்திலேயே, 1877இல், வாதித்தார். சூரியனின் முகத்தை நாள்தோறும் குறித்துவந்தால் அடுத்த பஞ்சத்தை முன்னறியலாம் என்னும் நம்பிக்கை அரும்பியது. வானியலார் மிச்சி ஸ்மித்தின் தலைமையில் 1901இல் கொடைக்கானலில் நோக்கும் பணி ஆரம்பமாயிற்று.

ஆனால் நடந்ததோ வேறு. 1909இல் வானியலார் ஜான் எவர்ஷெட் அங்கே கரும்புள்ளிகளினின்று வாயுக்கள் வெளிநோக்கி விரைவதைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். மழை ரகசியம் மட்டும் பிடிபடவில்லை. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கணித வல்லுநர் கில்பர்ட் வாக்கர், உலகெங்குமிருந்து வந்த பதிவுகளை வருஷக்கணக்காகக் கூட்டிக் கழித்துப் பார்த்து, கரும்புள்ளிக்கும் இந்திய மழைக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லையென்று முடிவுகட்டினார். அம்முயற்சியிலே, பசிபிக்கிலும் இந்து சமுத்திரத்திலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறியிறங்கும் ‘தென் ஊசலாட்டம்’ அவருக்குப் புலப்பட்டது.

கிரகணத்தை நிமிஷக் கணக்கோடு சொல்லும் சாஸ்திரம் மழையிடம் தோற்பானேன்? இதற்கு விடை பின்னாளில் கிடைத்தது. 1961இல் அமெரிக்காவில் எட்வர்ட் லாரன்ஸ் என்னும் வானிலை அறிஞர், பன்னிரண்டு சமன்பாடுகளைக்கொண்டு கணிப்பொறியில் ஒரு செயற்கை வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு ஓட்டியதன் ஒரு பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, இடைவழியில் அச்சாகியிருந்த எண்ணைப் பொறியில் இட்டார்; பொறியினுள்ளே 0.506127 என்றிருந்தது தாளில் 0.506 என்று சுருங்கியிருந்தது. அவ்வளவு அற்ப வித்தியாசம் நாளடைவில் வளர்ந்து வளர்ந்து, இரண்டு மாத வானிலைக்குள் முந்தைய போக்குக்கும் பிந்தைய போக்குக்கும் ஒட்டும் உறவும் இல்லாமற் செய்துவிட்டது. விதி இருக்கிறது, ஆயினும் தொடக்க நிலையை முற்றிலும் நுட்பமாக அறிய மாட்டாத மனிதனுக்கு நெடுநாள் முன்னறிவு கிட்டாது என்னும் இவ்வுண்மையை அவர் 1963இல் வெளியிட்டார்; கேயாஸ் கோட்பாடு என்று இன்று வழங்குவது இதிலிருந்து கிளைத்ததே. அன்றாட வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு அப்பால் சொல்ல இயலாது என்பது இன்றைய சாஸ்திரத்தின் துணிபு.

இக்கோட்பாட்டோடு உடன்பிறந்தது ஃபிராக்டல் என்னும் வடிவக் கணிதம். 1975இல் அதற்குப் பெயரிட்டவர் கணித அறிஞர் மாண்டெல்பிராட். மலைச்சரிவின் ஓடைகள் கூடிச் சிற்றாறாகி, சிற்றாறுகள் கூடி வராக நதியாகி, அது வைகையில் சேரும் கிளைப்பை உற்று நோக்கினால், சிறிய கிளையும் பெரிய கிளையும் ஒரே சாயலில் இருக்கக் காணலாம். அளவு மாறினும் சாயல் மாறாத இப்பண்பே ஃபிராக்டல்; அது காலத்திலும் உண்டு. நைல் நதிக்கு எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் வேண்டுமென்று கணக்கிட்ட ஹர்ஸ்ட் என்னும் பொறியாளர், வறண்ட ஆண்டுகள் தனித்து வாராமல் கூட்டங்கூட்டமாய் வருவதை நெடுங்காலப் பதிவுகளில் கண்டு 1951இல் எழுதினார். மாண்டெல்பிராட் அதனுள் ஃபிராக்டல் ஒழுங்கைக் கண்டார். சராசரி மழையை மட்டும் நம்பித் தேக்கம் கட்டினால், அடுக்கடுக்காய் வரும் வறட்சிக்கு அது போதாது என்பதே அதன் பொருள்.

இதனால் முன்னறிவு முழுவதும் வீண் என்று கொள்ளலாகாது. நாள் மழையைச் சொல்ல இயலாவிடினும், வெப்பமண்டலத்தில் ஒரு பருவத்தின் பொதுப்போக்கைப் பெரிதும் ஆட்டுவிப்பது மெல்ல மாறும் கடல் வெப்பமும் நிலத்தின் ஈரமுமே என்று வானிலை அறிஞர்களான சார்னியும் ஜகதீஷ் சுக்லாவும் 1981இல் காட்டினார்கள். வாக்கர் கண்ட ஊசலாட்டம் இன்று எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்ப மாற்றத்தோடு சேர்த்து ஆராயப்பட்டுப் பருவக் கணிப்புக்கு உதவுகிறது. எனினும் அது ‘இவ்வாண்டு குறையலாம்’ என்று மட்டுமே சொல்லும். எந்தத் தேதியில் நாற்றுப் பாவுவது என்று ஜெயமங்கலத்துக் குடியானவனுக்குச் சொல்லாது.

ஆகவே தாது வருஷம் கற்பித்த இரு பாடங்களுள் நின்று நிலைத்தது முதலாவதே. மழையின் நாளை அறிய முடியாதென்று கணிதமே ஒப்புக்கொண்டபின், பெய்த மழையைப் பிடித்து வைப்பதன்றி வேறு போக்கில்லை. வரத்துக்கால்களைத் தூர் வாரி, மடையையும் மறுகாலையும் பழுதுபார்த்து, கண்மாயை ஆக்கிரமிப்பின்றிக் காத்துவந்த நம் முன்னோர், சமன்பாடு அறியாமலே சரியான தீர்ப்புக்கு வந்திருந்தார்கள். அத்தீர்ப்பை நாம் மறந்துவிட்டால், இனியொரு தாது வருஷம் வரும்போது கணிப்பொறி நம்மைக் காக்காது; கண்மாய்தான் காக்க வேண்டும்.