வண்டி நம்பரும் எஃப்.சி.யும்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கவலை



என்னிடம் படித்தவர்களில் இன்று லாரி ஓட்டுகிறவர்கள் உண்டு, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் உண்டு. பலர் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் பெற்றோராகவும் ஆகிவிட்டீர்கள். அதனால் இந்த முறை வண்டி நம்பரின் கதையை எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். வழக்கம்போல் கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

மோட்டார் வண்டிக்கு எண் பலகை வேண்டும் என்ற உத்தரவு முதலில் பிறந்தது பாரிஸ் நகரில். 1893 ஆகஸ்ட் 14 அன்று அந்நகரக் காவல்துறை ஓர் ஆணை போட்டது. உரிமையாளரின் பெயர், முகவரி, எண் மூன்றும் பலகையில் இருக்க வேண்டும். அதே ஆணையில், வண்டியைச் சோதித்து அனுமதி வாங்கிய பிறகே தெருவில் ஓட்டலாம் என்றும் இருந்தது. எண்ணும் சோதனையும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கிலாந்தில் 1903-இல் சட்டம் வந்து, 1904 ஜனவரி 1 முதல் நடைமுறையானது. அதுவரை மணிக்கு 14 மைலாக இருந்த வேக வரம்பை 20 ஆக உயர்த்தினார்கள். வேகமாகப் போக விடுகிறோம், ஆனால் இடித்துவிட்டுப் போனால் யார் என்று தெரிய வேண்டும் என்பதே அன்றைய ஏற்பாடு.

நம் நாட்டுக்கு 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1939-இல் வந்த விரிவான சட்டத்தில் பஸ், லாரிகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயம் என்று தனிப்பிரிவே இருந்தது. அந்தச் சட்டம் ஐம்பது ஆண்டுகள் ஓடியது. இப்போது இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம், 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

என் வயதுக்காரர்களுக்குப் பழைய நம்பர்கள் நினைவிருக்கும். சென்னை மாநிலமாக இருந்தபோது 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும். தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின் 'டி' வந்தது. எம்.ஜி.ஆரின் அம்பாசடர் 'டி.எம்.எக்ஸ். 4777' தியாகராய நகர் நினைவு இல்லத்தில் இன்றும் நிற்கிறது. புதிய சட்டத்துக்குப் பிறகுதான் டி.என். 45 திருச்சி, டி.என். 72 திருநெல்வேலி என்று அலுவலகத்துக்கு ஓர் எண் வந்தது. நடுவில் வரும் எழுத்தில் 'ஐ', 'ஓ' இரண்டும் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? ஒன்று, பூஜ்யம் என்று கண் ஏமாந்துவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள். அரசு பஸ்ஸுக்கு 'என்', அரசு ஜீப்புக்கு 'ஜி'.

சில தம்பிகள் நம்பரை வளைத்து, நெளித்து, தலைவர் படத்தோடு எழுதுகிறார்கள். சிலர் தமிழ்ப் பற்றால் தமிழ் எண்களில் எழுதுகிறார்கள். பற்று நல்லதுதான். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிப்படி ஆங்கில எழுத்தும் 1, 2, 3 என்ற எண்களும்தான் செல்லும். காருக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10 என்று அளவும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் வரும் புது வண்டிகளுக்கு அசோகச் சக்கர ஹாலோகிராமும், கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பூட்டும் கொண்ட பலகை கட்டாயம்.

இவ்வளவு கறார் எதற்கு? விபத்து செய்த வண்டி எது என்று தெரிந்தால், குடும்பம் தீர்ப்பாயத்தில் உரிய இழப்பீடு கேட்கலாம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அவ்வளவுதான். படிக்க முடியாத நம்பரால் அடுத்தவர் குடும்பத்துக்கு வரும் நஷ்டம் இது.

இனி எஃப்.சி. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே சொல்வோம். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர் எல்லாம் பார்த்து அவர் சான்று தருவார். மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். வெள்ளை போர்டு சொந்த வண்டிக்கு 15 ஆண்டு வரை இந்தச் சோதனை இல்லை. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை சாலையில் விழுந்து இறந்தது. எஃப்.சி. வாங்கிய பேருந்து அது. ஆசிரியர்கள் எத்தனை பேருக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்? உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. இன்று கோடை விடுமுறையில் மைதானத்தில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, தரைப்பலகை, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று பார்க்கிறார்களே, அதற்குப் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறது.

இப்போது வீட்டுப்பாடம். உங்கள் பிள்ளை போகும் வேனின் போர்டு என்ன நிறம் என்று நாளைக் காலை பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றும் வண்டி வெள்ளை போர்டில் ஓடினால், வாடகைக்கு ஓட அதற்கு அனுமதியே இல்லை. பல ஆண்டுகளாக எந்த ஆய்வாளரும் அதன் பிரேக்கைப் பார்த்திருக்கவும் மாட்டார். 'நல்ல மனுஷன், நேரத்துக்கு வருவார்' என்பது பிரேக்குக்குத் தெரியாது. மஞ்சள் போர்டாக இருந்தால் எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, உள்ளே ஏறித் தரையையும் பாருங்கள். சான்று தருகிறவர் ஆண்டுக்கு ஒரு நாள் பார்க்கிறார். நீங்கள் தினமும் பார்க்கலாம்.

டிரைவர் கோபித்துக்கொண்டால், 'எங்க வாத்தியார் கேட்கச் சொன்னார்' என்று என் மீது போட்டுவிடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.
உங்கள் பழைய வாத்தியார்